மலைக்கு எடுத்த வெள்ளைச் சேலை

மலை ஏற நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பதினேழாவதாக என் பேர் இருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். முட்டிவலி என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். முட்டி வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல. உங்களோடு கொழும்பு வரை வருகிறேன். இரத்தினபுரி வரைகூட வருகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தைக் காட்டினால் பார்த்து மூக்கையும் சிந்துகிறேன். மலைக்கு மட்டும் வரமாட்டேன்.

இந்தக் கோத்தகிரிக் குளிரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் போடும் திட்டத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏசி வேனாம். அடிவாரம் வரை தார் ரோடாம். வழியெல்லாம் விளக்காம், படியாம், தேத்தண்ணிக் கடையாம். நாங்களும் ஒரு காலத்தில் திட்டம் போட்டோம். தையில் தொடங்கிச் சித்திரை வரை ஒரு சீசன் முழுக்கப் போட்டோம். இத்தனை வருஷம் உங்களோடு தேயிலை கிள்ளியிருக்கிறேன், கல்யாணம் கருமாதி என்று கூடியிருக்கிறேன், அந்தக் கதையை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

எங்கள் தோட்டம் இரத்தினபுரிப் பக்கத்து றப்பர் தோட்டம். உங்களில் பாதிப் பேர் தேயிலைக்காரர்கள், அதனால் சொல்கிறேன். மாசியில் றப்பர் மரம் ஓர் இலை மிச்சமில்லாமல் கொட்டிவிடும். மற்ற மாதங்களில் தோட்டத்து உச்சிக்கு ஏறினால்தான் சிவனொளிபாத மலை தெரியும். இலை கொட்டிய மூன்று நான்கு வாரம் மட்டும் எங்கள் லயத்து வாசலிலிருந்தே தெரியும். பால் வெட்டப் போகிறவர்கள் கத்தியும் வாளியுமாக நின்று அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். அம்மா மட்டும் கூடக் கொஞ்ச நேரம் நிற்பாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள்.

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக நான் வயிற்றில் இருந்தபோது, இந்தப் பிள்ளை தங்கினால் அதையும் கூட்டிக்கொண்டு மலை ஏறி மணி அடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். நான் தங்கினேன். மலைக்குத்தான் போக முடியவில்லை. ஒரு வருஷம் விடாத மழை. ஒரு வருஷம் தோட்டத்தில் ஸ்ட்ரைக். ஒரு வருஷம் அரிசியே இல்லை, மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தோம். இப்படியே எனக்குப் பதினோரு வயதாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா முதலில் மருந்தைத் தேடமாட்டாள், மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அந்த வருஷம் எங்களுக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். வைகாசிக்குள் கப்பல் ஏற வேண்டும் என்று அப்பா சொன்னார். அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரே பேச்சாகச் சொன்னாள்.

“மலை ஏறாம நான் கப்பல் ஏற மாட்டேன். கடலைத் தாண்டுன பொறகு இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எந்த மலையைப் பாத்துக் கும்புடுவேன்?”

“சரிடி, போவோம். இந்த சீசன்லயே போவோம். அழுவாத” என்றார் அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மலைக்கு ஆள் கூட்டிப்போவது கங்காணிதான். பதினெட்டுத் தடவை ஏறியவர். மாதத்துக்கு ஒரு கூட்டமாகப் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, சரியாகப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவார். அவர் வைத்ததுதான் சட்டம். ஏழு நாள் மீன், கருவாடு கிடையாது. கிழங்கும் சம்பலும் தின்கிறவர்களுக்கு இதில் என்ன விரதம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள், அப்போது யாரும் கேட்கவில்லை. புது ஆட்கள் ஊசியில் நூல் கோத்து எடுத்துவர வேண்டும், வழியில் அதற்கென்று ஓர் இடம் உண்டு, அங்கே போட வேண்டும். அட்டைக் கடிக்கு உப்பும் சுண்ணாம்பும் துணியில் முடிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: ஏறும்போது ‘இன்னும் எவ்வளவு’ என்று வாய் திறந்து கேட்கக்கூடாது. கேட்டால் மலை நீளும். மூச்சு வாங்கினாலும் கால் கடுத்தாலும் சொல்லக்கூடாது. கஷ்டத்தைச் சொன்னால் சாமிக்குக் குற்றம்.

அப்பா இதை வீட்டிலேயே பழக்கினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் தோட்டத்து உச்சிக்கு ஏற்றுவார். நான் மறந்துபோய் “இன்னும் எவ்வளவுப்பா?” என்றால் மண்டையில் ஒரு குட்டு. அம்மா சிரித்துக்கொண்டே ஏறுவாள். மார்கழி வரைக்கும் என்னைவிட அவள்தான் முன்னால் போவாள்.

டவுனுக்குப் போய் அம்மா ஒரு வெள்ளை வாயில் சேலை எடுத்துவந்தாள். கரையே இல்லாத சுத்த வெள்ளை. அதைப் பிரித்துப் பார்த்து மடித்து, பிரித்துப் பார்த்து மடித்து, தகரப் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டியைத் திறந்தாலே ரசகற்பூர வாசனை வரும். எங்கள் வீட்டில் மற்ற எல்லாமே றப்பர் பாலும் அசிட்டும் புகைக்கூடமுமாகத்தான் நாறும். இரண்டு ஊசியை நூல் கோத்துக் கலண்டர் தாளில் குத்தி வைத்தாள், பெரியது அவளுக்கு, சின்னது எனக்கு.

தைப் போயாவுக்கு முந்தின நாள் கங்காணி வீட்டம்மா லயம் லயமாக வந்தாள். மலைக்குப் பேர் கொடுத்த பெண்களைக் கேட்பது அவள் வேலை.

“என்னம்மா, சுத்தமா இருக்கியா?”

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு தலையைக் குனிந்தாள். “இல்லக்கா. காலையிலதான்.”

“அடடா. சரி விடு, அடுத்த போயாவுக்கு வா. என்னத்த செய்றது, பொம்பளப் பொறப்பு.”

அவ்வளவுதான். அப்பாவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் இருந்தார், பிறகு சரியாகிவிட்டார். தோட்டத்தில் இப்படித் தள்ளிப்போவது சாதாரணம்.

சாதாரணம் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் துணி அலசியது நான். அம்மா விடியற்காலையில் பேர் பதியப் பிரட்டுக்கு ஓட வேண்டும், அவள் பேருக்கு விட்டிருந்த மரத்தையெல்லாம் வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். லயத்துப் பீலித் தண்ணீரில் அலசினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தோட்டத்துக்கும் சிங்கள ஊருக்கும் நடுவில் ஓடும் எல்லை ஓடைக்கு என்னை அனுப்புவாள். முதலில் மூன்று நாள் என்றாள். பிறகு ஐந்து நாள். அப்புறம் அவளும் நாள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இன்னும் பெரியவள் ஆகவில்லை. எத்தனை நாள் வரும், எப்போது நிற்கும், எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? பெண்பிள்ளையாகப் பிறந்தால் இப்படித்தான் தினமும் போலிருக்கிறது என்று பயந்துபோய் இருந்தேன்.

மாசிப் போயா வந்தது. கங்காணி வீட்டம்மா வந்தாள், அதே கேள்வி கேட்டாள், அம்மா அதே பதில் சொன்னாள்.

“ஒனக்கு சரியா போயாவுக்குத்தானா வரணும்?” என்று அலுத்துக்கொண்டாள்.

இதைத்தான் நான் ஐம்பது வருஷமாக நினைத்து நினைத்து வயிறு எரிகிறேன். அவர்கள் கேட்டது மாதத்தில் ஒரே நாள். அன்றைக்கு மட்டும் கேட்டதால் அவர்களுக்கு அது மாதத்துக்கு ஒரு தடவை வருகிற விஷயமாகவே தெரிந்தது. நடுவில் இருக்கிற இருபத்தொன்பது நாளும் எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. போயாவுக்குப் போயா கேட்டார்கள், போயாவுக்குப் போயா இருந்தது. மலை இவளை வேண்டாம் என்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அம்மா காதிலும் அது விழுந்தது.

மூன்று வேளைச் சாப்பாட்டை அம்மா ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டாள். விரதம் சரியில்லாததால்தான் மலை கூப்பிடவில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். முகம் வெளுத்தது. உதடும் நகமும் வெளுத்தன. கால் இரண்டும் வீங்கின. கங்காணி வீட்டம்மா அதைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா?

“வெரதம் இருந்து இருந்து ஒன் மூஞ்சிக்கு ஒரு லட்சணம் வந்துருச்சும்மா.”

லட்சணமாம். ரத்தம் வற்றிப்போன முகத்தைப் பார்த்து லட்சணம் என்றார்கள்.

உண்மையைப் பார்த்தவள் ஒரே ஒருத்திதான். லயத்துக்குக் கீரை கொண்டுவந்து விற்கும் சிங்கள அக்கா. ஒருநாள் காலையில் அவள் ஓடையின் அந்தக் கரையில் கீரைக்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் இந்தக் கரையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீர் சிவந்து அவள் பக்கமாகப் போனது. நான் வெட்கத்தில் துணியை மடியில் மறைத்தேன். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நேற்றும் பார்த்தேன், போன வாரமும் பார்த்தேன் என்றாள்.

“மே லே ஹொந்த நே, துவே” என்றாள். இந்த ரத்தம் நல்லதில்லை மகளே என்று எனக்குப் புரிந்தது. புரியாமல் போய்விடுமோ என்று, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தனக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னாள். “அம்மா இஸ்பிரிதாலே போக சொல்லு. நாளைக்கு இல்ல. இன்னைக்கி போக சொல்லு.”

நான் ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா என்னை அறைந்தாள். என் வாழ்க்கையில் அவளிடம் நான் வாங்கிய ஒரே அறை அது.

“ஊரு பூரா காட்டிக்கிட்டு வந்தியா? ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மலையே வேணாம்னு கப்பல்ல ஏத்திருவாரு. அப்புறம் ஒன் நெலம என்னாவுறது?”

என் நிலைமை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவள் பயந்தது எனக்காக. வேண்டுதல் நிறைவேறாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று அவள் பயந்தாள். என்னை வாசலுக்கு இழுத்துப்போய், இலையில்லாத மரங்களுக்கு நடுவில் தெரிந்த மலைக்கு நேரே நிறுத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. நீ வாயத் தொறந்தா அம்மா செத்துப் போயிருவேன். மலை மேல சத்தியம்.”

“மலை மேல சத்தியம்” என்றேன்.

மரங்கள் துளிர்த்தன. பங்குனியில் அந்தத் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும், பார்க்கப் பார்க்க அலுக்காது. மலை மறுபடி மறைந்துபோனது. பங்குனிப் போயாவும் அம்மாவை விட்டுவிட்டுப் போனது. என் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் போய்வந்து, மணி அடித்தோம், மேகம் காலுக்குக் கீழே இருந்தது என்று பெருமை பேசினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒன்னாலதான். எல்லாம் ஒன்னாலதான். நீ ஒழுங்கா இருந்தா நானும் மணி அடிச்சிருப்பேன்” என்றேன்.

அம்மா எழுந்துபோய்க் கலண்டரில் இருந்த ஊசிகள் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஓடையில் துணியைத் தண்ணீரில் போட்டு விரித்தேன். வெள்ளை வாயில். கரையில்லாத சுத்த வெள்ளை, பாதி வெள்ளை. வீட்டில் இருந்த பழந்துணி எல்லாம் தீர்ந்துபோய் மலைக்கு எடுத்த சேலையைக் கிழித்திருந்தாள். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. சேலை போயிற்றே, இனி எங்களைக் கூட்டிப்போகமாட்டார்களே என்றுதான் அழுதேன். அவளுக்காக அழவில்லை.

சித்திரைப் போயா எங்களுக்குக் கடைசி. முந்தின நாள் மத்தியானம் கங்காணி வீட்டம்மா வந்தாள்.

“இந்தத் தரமாவது சுத்தமா இருக்கியா?”

“சுத்தமாத்தான் இருக்கேன்க்கா” என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலையில்தான் நான் ஓடைக்குப் போய்வந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தீட்டோடு மலை ஏறினால் குடும்பமே விளங்காது என்று நம்பியவள் அவள். அதையும் தெரிந்துகொண்டு துணிந்துவிட்டாள். பாவம் தன் தலையில் விழட்டும், பிள்ளைக்கு மணி அடித்துவிடுவோம் என்று நினைத்திருப்பாள். அப்பாவுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். புது ஆட்களைச் சிங்களத்தில் ‘கோடு’ என்று கேலி செய்வார்கள், அப்பா எங்களை அன்றைக்கெல்லாம் “ஏய் கோடு, ஏய் பெரிய கோடு” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸுக்குத் தோட்டத்துப் பாதையில் இறங்கினோம். எல்லோரும் வெள்ளை. அம்மா மட்டும் அரக்குக் கலர்ச் சேலை.

“வெள்ளச் சேல எங்கடி?” என்றாள் கங்காணி வீட்டம்மா.

“மேல போயி மாத்திக்கிறேன்க்கா.”

பாதை இறக்கம்தான். ஏற்றமே இல்லை. முக்கால் மைல் இருக்கும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அவள் விரல் ஒவ்வொன்றும் குளிர்ந்து கிடந்தது. பாதி வழியில் என் காதில் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் எவ்வளவுடி?”

கங்காணி முன்னால் போகிறார். கேட்டுவிடப்போகிறார் என்று நான் “உஷ்” என்றேன். பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டோம், பஸ் வருகிற சத்தமும் கேட்டது. அம்மா அப்படியே சரிந்தாள். மூட்டை அவிழ்ந்து கொட்டியது. பொரி, உப்பு முடிச்சு, அந்த இரண்டு ஊசி, மடித்து மடித்து வைத்த வெள்ளைத் துணிக் கிழிசல்கள். அரக்குச் சேலையில் ஒன்றும் தெரியவில்லை, ரோட்டில்தான் தெரிந்தது. எல்லோரும் இரண்டடி தள்ளிப்போனார்கள்.

“தீட்டோட கெளம்பியிருக்கா” என்றார் கங்காணி. “அதான் மலை ரோட்டுலயே தள்ளிருச்சு.”

அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். போயா தவறக்கூடாது அல்லவா. றப்பர் சீட் ஏற்றிவந்த லொறி ஒன்று நின்றது, அதன் மேல் அம்மாவைக் கிடத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கும் றப்பர் சீட் புகை வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர். சின்ன வயது, கண்ணாடி போட்டவர். அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். திரும்பி அப்பாவைக் கேட்டார்.

“கவத இந்தலா த?”

எப்போதிலிருந்து என்று கேட்டார். அந்தச் சீசன் முழுக்க, அத்தனை பேர் இருந்த அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர் வாயிலிருந்தும் வராத கேள்வி. அப்பா நேற்று அம்மா சுத்தமாக இருக்கிறேன் என்று சொன்னதைத் தன் காதால் கேட்டவர், அதற்குப் பிறகுதான் வந்தது என்று நினைத்தார். அவர் பொய் சொல்லவில்லை.

“ஈயே இந்தலா, மஹத்தயா” என்றார். நேற்றிலிருந்து ஐயா.

டொக்டர் எழுதிக்கொண்டார். பிறகு ஏனோ என்னையும் ஒரு தடவை பார்த்தார். எனக்குச் சிங்களம் தெரியும். கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும். கட்டிலில் அம்மா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் அம்மா செத்துவிடுவாள். மலை மேல் சத்தியம். நான் அவளைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள். ஒரு நாளில் இவ்வளவு ரத்தம் எப்படிப் போகும் என்று டொக்டர் நர்ஸிடம் கேட்டுக்கொண்டே நடந்தார்.

வைகாசியில் கப்பல் ஏறினோம். தலைமன்னாரில் ஓர் ஆள் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அம்மா பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தான். படத்தை விட்டுவிட்டான். அந்தப் படத்தில் அம்மாவுக்கு உதடு கறுப்பாக, நல்ல ரத்தத்தோடு இருக்கும்.

எனக்கு நாற்பது வயதில் அம்மாவைப் போலவே விடாமல் போனது. பன்னிரண்டாம் நாள் நானே போய் லேடி டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கர்ப்பப்பையில் கட்டி என்றார், எடுத்துப்போட்டார், பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அம்மாவுக்கும் அதுவேதானா என்று யாருக்குத் தெரியும். இதற்கா, இவ்வளவுக்கா என்று அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, வலிக்கிறது போல என்று நினைத்தார்கள்.

அப்பா கடைசி வரை எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: “நல்லாத்தான் இருந்தா, ஒரே நாள்ல கொண்டு போயிருச்சு. அவளுக்கு மலை குடுத்து வைக்கல.” ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வெற்றிலை மடித்துக் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருக்கமாட்டார். போன மாசியில் அவரும் போய்விட்டார். காக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை இப்போது, சத்தியத்தை எடுத்து அடுப்பில் போட்டாயிற்று.

அதனால் என் பேரை அடியுங்கள். உங்களோடு வரும் மருமகள், பேத்திகளை நாளைக்கு யாராவது சுத்தமா என்று கேட்பார்கள். நீங்கள் அந்தக் கண்ணாடிக்கார டொக்டர் கேட்டதையும் கேளுங்கள். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இருக்கிறாரோ இல்லையோ, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்றிலிருந்து இல்லை ஐயா. தைப் போயாவுக்கு முந்தின நாளிலிருந்து. ஒரு நாள் விடாமல். நான்தான் அலசினேன்.